இல்லத்தில் பிறந்த கல்

“நீங்க முதல்ல ஒரு இரத்தினக் கல்லைக் கண்ணால பார்த்திருக்கிறீங்களா?”

தொலைபேசியில் இப்படிக் கேட்டவர் கொழும்பில் வெளிவரும் ஒரு சிறுவர் மாத இதழின் ஆசிரியர். நான் அனுப்பிய படக்கதையின் முதல் இரண்டு பக்கங்களைப் பார்த்துவிட்டுத்தான் அழைத்திருந்தார். அதில் ஒரு வில்லன் வருகிறான். அவன் நெஞ்சில் ஒரு நீலக் கல் பதிந்திருக்கிறது. அவனுடைய சக்தியெல்லாம் அந்தக் கல்லிலிருந்து வருகிறது.

“பார்த்திருக்கேன் சேர்,” என்றேன். பார்த்ததே இல்லை.

“ஏன் கேக்கிறேன் என்றால், நீங்க வரைஞ்சிருக்கிற கல்லு டோர்ச் பல்ப் மாதிரி இருக்கு. அவன் நெருப்பு கக்குறான், பறக்குறான். எல்லாரும் செய்யிறதுதானே? நீங்க தோட்டத்துப் பிள்ளை. கொழுந்து, மழை, அம்மா படுற கஷ்டம், அப்படி ஒன்று எழுதுங்களேன். அது உங்களுக்கு வரும். வில்லன் எல்லாம் வருமா என்று எனக்குச் சந்தேகம்.”

“வரும் சேர்.”

“சரி. அவனுக்கு என்ன பலம், என்ன பலவீனம், அது எங்கேயிருந்து வந்தது என்று யோசிச்சு எழுதி அனுப்புங்க. பொருந்தினால் பன்னிரண்டு பக்கம் தாறேன்.”

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் நான் கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் வடிவமைக்கிறேன். நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த நாளிலிருந்து, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். கஷ்டமான சொல் வந்தால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் ‘தெரியாது’ என்று சொல்வது எனக்குச் சுலபமாக வராமல் போய்விட்டது. ஆசிரியரிடம் சொன்ன பொய்யும் அப்படித்தான் வந்தது.

அந்தப் பன்னிரண்டு பக்கம் எனக்கு வேண்டும். கல்யாணக் கார்டில் என் எழுத்து எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறது, என் பெயர் எங்கும் போனதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு அழுகைக் கதைதான் வரும் என்று நினைக்கிற ஒருவருடைய இதழில், அழுகையே இல்லாத ஒரு வில்லனோடு என் பெயர் வரவேண்டும். அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் உட்கார முடியவில்லை. அச்சகத்தில் ஒரு மரண அறிவித்தலில் இறந்தவருடைய வயது இருக்கவேண்டிய இடத்தில் தொலைபேசி எண்ணைப் போட்டுவிட்டேன். நல்லவேளை, அச்சேறும் முன் முதலாளி பார்த்துவிட்டார்.

வில்லனுக்கு ஒவ்வொரு பலமாகக் கொடுத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாமல் மறையும் பலம் கொடுத்தேன். அப்படியானால் அவனை எப்படி வரைவது? காலத்தை நிறுத்தும் பலம் கொடுத்தேன். நிறுத்திய காலத்தில் கதையும் நின்றுவிட்டது. பலவீனம் இன்னும் மோசம். தண்ணீர் பட்டால் வலுவிழப்பான் என்று ஒரு நாள் எழுதினேன். எங்கள் மலையில் பெய்கிற மழைக்கு அவன் வருடத்தில் எட்டு மாதம் வெளியே தலைகாட்ட முடியாது.

அந்த வாரமே ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், பதுளையில் கல் வாங்கி விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய மகளின் கல்யாணக் கார்டை நான்தான் வடிவமைத்தேன். அதனால் முகம் தெரியும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல ‘நானா’ என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

“வாங்க தங்கச்சி. என்ன, மோதிரத்துக்கா? ராசி என்ன?”

“மோதிரத்துக்கு இல்ல நானா. ஒரு வில்லனுக்கு.”

விஷயத்தைச் சொன்னேன். கடையின் மூலையில் கல் பட்டை தீட்டுகிறவர் சக்கரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“வில்லனுக்குக் கல்லு கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்,” என்றார் கடைக்காரர். “மத்தவங்களெல்லாம் கேட்டு வந்த பொறகுதான் வில்லனாகுற.”

வெள்ளைக் கடதாசிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அழுக்குப் பிடித்த கற்கண்டு மாதிரி நாலைந்து துண்டுகள். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்த அளவுள்ள பொருளுக்கு இருக்கக்கூடாத பாரமும் குளிர்ச்சியும் அதில் இருந்தன.

“பல்புக்குக் கீழ பாத்து ஏமாற வேணாம். வாசலுக்கு வாங்க. வானத்துப் பக்கம் புடிச்சுப் பாருங்க.”

பிடித்தேன். கல் முழுவதும் பால் கலங்கியது போல இருந்தது. ஒரே ஒரு மூலையில் மட்டும் நீலம்.

“அந்த மூலைல மட்டுந்தான் நெறம் இரிக்கி. வெட்டுற ஆள் கெட்டிக்காரன்னா அந்த மூலைய அடியில வெச்சு வெட்டுவான். மேலேந்து பாத்தா முழுக் கல்லும் நீலமா தெரியும்.”

என் வில்லன் கிடைத்துவிட்டான். ஒரு மூலையில் மட்டும் நிறமுள்ளவன். பார்க்கிறவர்கள் எல்லாரும் மேலிருந்து பார்ப்பதால் முழுக்க நீலமாகத் தெரிகிறவன்.

“இந்தக் கல்லெல்லாம் எங்க இருந்து நானா வருது?”

“இது மொனராகலைப் பக்கம். நல்ல இல்லத்துல வந்த கல்லு. இல்லம் சரியில்லாட்டி கல்லும் சரிவராது தங்கச்சி. எங்கட ஆக்கள் கல்லைப் பாக்க முந்தி இல்லத்தத்தான் கேப்பாங்க.”

‘நல்ல இல்லத்தில் வந்த கல்.’ கடை வாசலிலேயே கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டேன். பெண் பார்க்கப் போகிறவர்கள் குடும்பத்தை விசாரிப்பது போலக் கல்லுக்கும் வீட்டை விசாரிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். எந்த இல்லம், யாருடைய இல்லம் என்று கேட்கத் தோன்றவில்லை. இல்லம் என்றால் எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் விளையாட்டுப் போட்டியில் எங்கள் இல்லத்துக்குக் கொடி பிடித்தவள் நான்.

சாயங்கால பஸ் தோட்டத்தை அடைவதற்குள் கதை உருண்டு திரண்டுவிட்டது. அந்தக் கல் ஒரு வீட்டின் தரைக்குள் பிறக்கிறது. வீட்டுக்குள் பிறந்ததால், வீட்டை விட்டு வெளியே வந்தால் அதற்கு வெறி பிடிக்கும். அதைச் சுமக்கிறவன் வெளியே எந்த மண்ணில் கால் வைத்தாலும் அந்த மண் அவன் சொன்னதைக் கேட்கும். பாதை சுருண்டு எழும், மலைச்சரிவு இறங்கி வரும். ஆனால் ஒருவர் தனக்கே சொந்தமான வீட்டின் வாசலில் நின்றால் அவன் அந்த வாசற்படியைத் தாண்ட மாட்டான். தாண்டினால் கல் தாய்வீடு வந்ததுபோல அடங்கிவிடும். அவன் சாதாரண மனிதனாகிவிடுவான். மண் அவன் பலம், வீடு அவன் பலவீனம். அவனை எதிர்க்கிறவளைத் தபால் கொண்டுபோகும் பெண்ணாக வைத்தேன். ஊரில் எது யாருடைய வீடு என்று அவளுக்குத்தான் தெரியும்.

அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து, காலைக் கழுவிவிட்டு அடுப்படியில் இருந்தார். கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். இல்லம் என்றதும் அம்மா நிறுத்தினார்.

“இல்லம்னா?”

“வீடும்மா. நல்ல தமிழ்ல இல்லம்.”

“ஓ. சரி, சொல்லு.”

முழுவதையும் கேட்டுவிட்டு, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி கேட்டார்.

“அப்ப அவன் நம்ம லயத்துக்கு வந்தா?”

“வந்தா வாசல்ல நின்னுருவான்.”

“ஏன் நிக்கிறான்? சொந்த வீடா இருந்தாத்தானே நிப்பான்? இது தோட்டத்துக் காம்பரா. ஓடு மாத்தவே தொரைகிட்ட எழுதிக் கேக்கணும். அவன் பாட்டுக்கு நேரா அடுப்பு வரைக்கும் வந்து ரொட்டிய எடுத்துத் தின்னுட்டுப் போயிருவான்.”

“அம்மா!”

“என்னா அம்மா? நீதானே சொன்ன? வந்தாலும் உக்கார எடமில்ல, நின்னுகிட்டுத்தான் தின்னணும்.”

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து வெளியே போய் லயத்தின் முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். பன்னிரண்டு ஒற்றை அறைக் காம்பராக்கள், பன்னிரண்டு கதவுகள். ஒன்றுக்கும் உறுதிப்பத்திரம் இல்லை. எங்கள் மலைகளில் என் வில்லனுக்குப் பலவீனமே கிடையாது. பண்டாரவளைக்குப் போனால் கடைவீதியில் சொந்த வீட்டு வாசலில் நின்று அவனை நிறுத்த ஆள் இருக்கும். இங்கே யார் நிறுத்துவது?

இங்கே வாழ்கிறோமே, அதனால் இது எங்கள் வீடுதான் என்று ஒரு வசனம் எழுதி அவனைத் தடுத்துவிடலாம். எழுதிப் பார்த்து அழித்தேன். அது பொய். என் வில்லன் படித்தவன், உறுதியைக் கேட்பான். அதைப் படிக்கிற தோட்டத்துப் பிள்ளைகளும் கேட்பார்கள்.

மூன்று நாள் அப்படியே அலைந்தேன். மூன்றாம் நாள் காலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குள் ஒரு கேள்வி வந்தது. அவன் யார் வீட்டில் பிறந்தான்? கல் கிடைத்தது எந்தத் தரையில்? அவனும் ஒரு காம்பராவில் பிறந்தவனாக இருந்தால் அவனுக்கும் சொந்த வீடு கிடையாது. அவன் மலையைப் புரட்டுவதெல்லாம் தனக்கென்று ஒரு வீட்டைத் தேடித்தான். கிடைத்தால் அன்றோடு பலம் போய்விடும். அவன் ஆசைப்படுவது எதுவோ அதுவே அவனை அடக்கும்.

கடைசிப் பக்கம் தானாக வந்தது. தபால்காரி அவனோடு சண்டை போடவில்லை. ஒரு பதிவுத்தபாலை நீட்டுகிறாள். அவன் பெயருக்கு ஒரு வீட்டின் உறுதி. கையெழுத்துப் போட்டால் வாங்கலாம். அவன் கை பேனாவுக்குப் போகிறது. அவ்வளவுதான் கதை.

எல்லாவற்றையும் எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் அழைத்தார்.

“நல்லா இருக்கு. உண்மையா நல்லா இருக்கு. வீட்டுக்குள்ள பிறந்த கல்லு, அது எங்கேயிருந்து வந்தது உங்களுக்கு?”

“கல் வியாபாரிகள் அப்படித்தான் சொல்வாங்க சேர்,” என்றேன் பெருமையோடு. “நல்ல இல்லத்தில் வந்த கல்லுன்னு.”

“அப்படியா? எனக்கே தெரியாது. அதையும் ஒரு பெட்டிச் செய்தியாப் போடுவோம்.”

பன்னிரண்டு பக்கத்தையும் மையிட்டு அவருக்கு அனுப்பிவிட்டு, அந்த வாரமே அவற்றின் படியை எடுத்துக்கொண்டு கல் கடைக்குப் போனேன். கடைக்காரருக்குக் காட்டவேண்டும் என்று மனம் பறந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். நாலாம் பக்கம் வந்ததும் நின்றார். அதில்தான் வில்லன் காம்பராவின் தரையைத் தோண்டிக் கல்லை எடுக்கிறான்.

“இது என்ன, வீட்டுக்குள்ள?”

“இல்லத்துல வந்த கல்லுன்னு நீங்கதானே நானா சொன்னீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் கையால் ஓர் அடி அடித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

“அட தங்கச்சி! இல்லம்னா வீடில்ல! குழிக்கு அடியில வார சரளை. கல்லு கலந்து வார சரளை மண்ணு. சிங்களத்துல வந்த பேச்சு, எங்கட தொழில்ல எல்லாரும் அதத்தான் செல்லுற. நீங்க எங்கட கல்லக் கொண்டுபோய் வூட்டுக்குள்ள பொதச்சிட்டீங்களே!”

மூலையில் சக்கரம் நின்றது. “தங்கச்சி, எங்கூட்டுலயும் கொஞ்சம் தோண்டிப் பாக்கட்டா?” என்றார் பட்டை தீட்டுகிறவர். “சமையலறைக்குள்ள கெடைக்குமா, முன் அறைக்குள்ளயா?”

நானும் சிரித்தேன். சிரித்தபடியே பக்கங்களை வாங்கி உறையில் போட்டேன். தெருவில் இறங்கியதும் பஸ் நிலையத்துக்குப் போகாமல் எதிர்ப்பக்கமாக நடந்தேன். எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியாது, கடைசி பஸ்ஸுக்குத் திரும்பி ஓடவேண்டியிருந்தது.

கல்லின் பலம், பலவீனம், தபால்காரி, கடைசிப் பக்கம் எல்லாம் ஒரு தப்பான சொல்லின் மேல் நின்றன. ஆசிரியரிடம் சொன்னால், கல்லைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டது சரியாகிவிடும். பன்னிரண்டு பக்கமும் போகலாம். சொல்லாவிட்டால் இதழ் வரும், பெட்டிச் செய்தியும் வரும். கல் தொழிலில் இருக்கிற யாராவது ஒருவர் தன் பிள்ளையின் கையிலிருந்து அதை வாங்கிப் பார்ப்பார், சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு மேலே என் பெயர் இருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேற்றவில்லை.

“நீ கேக்கலியா?”

“தெரிஞ்ச சொல்லுதானேம்மா. எதுக்குக் கேக்கணும்?”

“எனக்குன்னா அந்தச் சொல்லே தெரியாது. அதனால என்னான்னு கேட்டிருப்பேன்,” என்றார். “உங்கிட்டயும் கேட்டேன்ல?”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அம்மா குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். படிக்காதவர்கள் செய்யமுடியாத பிழை அது. வீடு, லயம், காம்பரா என்று பேசுகிற யாரும் அந்தப் பிழையைச் செய்ய மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய ஒருத்தியால்தான் முடியும்.

அங்கிருந்துதான் வழி தெரிந்தது. பிழையை நான் ஏன் சுமக்கவேண்டும்? அவன் சுமக்கட்டும். நாலாம் பக்கத்தையும் ஐந்தாம் பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். வில்லன் எங்கள் லயத்துப் படித்த பையன். ஒரு கல் கடையில் வேலை கேட்டுப் போகிறான். நல்ல கல் இல்லத்தில் வரும் என்று முதலாளி சொல்கிறார். அவனுக்கு அந்தச் சொல் தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறான். கேட்காமல் திரும்பி வந்து பிறந்த காம்பராவின் தரையைத் தோண்டுகிறான். இருக்கவே கூடாத இடத்தில் ஒரு கல் இருக்கிறது. அன்றிலிருந்து மண் அவன் சொன்னதைக் கேட்கிறது, அவன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. முதல் பதினொரு பக்கத்திலும் அவன் வசனத்தில் ஒரு கேள்விக்குறி கூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில், பதிவுத்தபாலைக் கையில் வைத்துக்கொண்டு, முதன்முதலாகக் கேட்கிறான். “எந்த இடத்துல கையெழுத்து?”

முன்பு இருந்ததைவிட இது நல்ல கதை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஆசிரியரை அழைத்தேன். இல்லம் என்றால் சரளை என்றும், நான் அதை வீடு என்று நினைத்தேன் என்றும் சொன்னேன்.

“அப்போ கல்லைப் பார்த்திருக்கேன் என்று சொன்னது?”

“அன்றைக்குப் பொய் சேர். அதுக்குப் பிறகு பார்த்தேன்.”

“பெட்டிச் செய்தி வேற அச்சுக்குக் குடுத்திட்டேனே...” என்று முனகினார். “இப்ப என்ன செய்யிறது? நாலு, அஞ்சு ரெண்டும் திரும்ப வரையணும்.”

“வரைஞ்சு உங்களுக்கு அனுப்பிட்டேன். பாருங்க.”

பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“இவன் கேட்காமலே இருக்கிறது நல்லா இருக்கு,” என்றார் கடைசியில். “ஆனால் ஒன்று. கடைக்காரர் இல்லம் என்று சொல்லும்போது வாசிக்கிற பிள்ளைக்கு உண்மையான இல்லம் தெரியணும். ஒரு பெரிய கட்டத்தில் அந்தக் குழியைக் காட்டுங்க. வெள்ளிக்கிழமைக்கு வந்தால் இந்த இதழ். இல்லாட்டி சொல்ல முடியாது. குழியைப் பார்த்திருக்கிறீங்களா?”

“இல்ல சேர். தெரியாது,” என்றேன்.

நேரே கல் கடைக்குப் போனேன். குழியைப் பார்க்கவேண்டும் என்றதும் கடைக்காரருடைய முகம் மாறியது.

“அது சரிவராது தங்கச்சி. பொம்புளையாள குழிக்குக் கிட்ட விட மாட்டாங்க. வந்தா கல்லு ஓடிரும்னு ஒரு கத இரிக்கி.”

“நான் கிட்ட வந்தா கல் ஓடிருமா?”

“அப்படித்தான் செல்லுற.”

“அப்ப என் வில்லனுக்கு இத்தனை நாளா பலவீனம் தேடி அலைஞ்சது வீண்தானே நானா? நான் போய் முன்னால நின்னிருந்தாலே போதுமே.”

பட்டை தீட்டுகிறவர் முதலில் சிரித்தார். கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். குழியில் பங்கு வைத்திருக்கும் மச்சானிடம் சிங்களமும் தமிழும் கலந்து நெடுநேரம் வாதாடினார். பாதையோரத்தில் நின்று பார்க்கலாம், வேலிக்கு உள்ளே வரக்கூடாது என்று முடிவானது. அந்த மச்சானுடைய எண்ணை என் கொப்பியில் எழுதித் தந்தார்.

இன்று புதன்கிழமை. அச்சகத்தில் லீவு கேட்டேன், முதலாளி முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தார். மொனராகலை பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பசறை தாண்டியாகிவிட்டது. மலை வளைவுகளில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. தேயிலை குறைந்து காற்று சூடாகி வருகிறது. ஏறும்போதே அந்த மச்சானை அழைத்துப் பேசினேன். பாதையிலிருந்து வேலிக்கு எத்தனை அடி, அங்கே நின்றால் சரளை தெரியுமா, அரித்துக் கழுவுவது எந்தப் பக்கம், வேலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட முடியுமா என்று கேட்டேன். கடைசிக் கேள்வியைக் கேட்டதும், “வேலியையா?” என்றார். வந்து பேசுவோம் என்று சொல்லிவிட்டேன்.